இருபத்திரண்டு இல்லைகள்

நார்ஃபோக் தீவு
மார்ச் 6

அன்பு மகள் ஃப்ரேயாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் நாயும் மாடுகளும் சுகம். நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரியாவது எழுது. வார்டில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று நர்ஸ் சொன்னார். அதுவும் நல்லதுதான். நாம் இருவரும் போனில் பேசினால் இரண்டு பக்கமும் மூச்சு விடும் சத்தம் மட்டும்தானே கேட்கும்.

மெர்ல் அத்தை உன்னை பிரிஸ்பேனில் கொண்டுபோய் விட்டுத் திரும்பியதிலிருந்து எனக்குக் கார் எடுத்தாலே தொல்லை. எதிரே வருகிறவர்களுக்குக் கை தூக்கிவிட்டுப் போகிற ஊர் இது. இப்போது வண்டியையே நிறுத்தி விடுகிறார்கள். "என்னடா நாலு துண்டு, பொண்ணு சாப்பிடறாளா?" என்று நடுரோட்டில் விசாரணை. பின்னால் மாடு நின்றால்கூட நகர மாட்டேன் என்கிறார்கள். அது கிடக்கட்டும், இந்த வருஷத்து டெலிபோன் புத்தகம் வந்துவிட்டது. இந்த முறையும் என் பெயரை லெஸ்டர் என்று போடவில்லை. 'நாலு துண்டு' என்றுதான் அச்சடித்திருக்கிறான்.

ஊரே உனக்காகச் சமைக்கிறது. பிரிஸ்பேன் விமானத்தில் ஏறுகிற யாரும் வெறுங்கையோடு போகவில்லை. கொய்யா ஜாம், வாழைக்காய்க் கொழுக்கட்டை, சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் துருவிச் சுட்டது, எல்லாம் வந்திருக்குமே. பிரிஸ்பேன் ஏர்போர்ட்டில் சோதனைக்காரன் கொஞ்சம் பிடுங்கி வைத்துக்கொண்டானாம். மீதியில் ஒரு வாயாவது வை, கண்ணு.

உன்னை நானே கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அன்றைக்கென்று கப்பல் வந்துவிட்டது. கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் லைட்டர் படகில் ஆள் குறைந்தால் சாமான் கரைக்கு வராது என்பது உனக்குத் தெரியும். இப்போது கூரை ஒழுகுகிறது. அதை முடித்துவிட்டுச் சீக்கிரம் வருகிறேன். எப்படியும் ஜூன் எட்டாம் தேதி ஊர்த் திருநாளுக்குள் நீ வீட்டில் இருப்பாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


பிரிஸ்பேன், ஏழாம் மாடி
மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் உடல்நலம் விசாரிக்க வேண்டும். உங்கள் முதுகு எப்படி இருக்கிறது? என் உடல்நலத்தைப் பற்றி எழுதும்போது எடை, கலோரி என்று எண்கள் எழுதக் கூடாது என்பது இங்கே விதி. எண்கள் இல்லாமல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. குளிர்கிறது. அவ்வளவுதான்.

தினமும் பத்து நிமிஷம் போன் தருவார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போனில் எப்போது என் முறை என்று தெரிவதில்லை. கடிதத்தில் தெரியும்.

வார்டில் என்னோடு எட்டுப் பேர் இருக்கிறார்கள். நல்லவர்கள். ஆனால் அவர்கள் பேசுவது எனக்குப் புரிவதில்லை, நான் பேசுவதும் அவர்களுக்கு. வட்டமாக உட்கார வைத்து, "கண்ணாடியில பாக்கறப்ப உனக்கு என்ன தெரியுது, ஃப்ரேயா?" என்று கேட்டார்கள். குளியலறைக் கதவு தெரிகிறது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் கண்ணாடி கதவுக்கு நேர் எதிரே இருக்கிறது. அதனால் சொன்னேன். அதன் பிறகு யாரும் என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை.

இங்கே தயிர்க் கிண்ணத்தின் மேலிருக்கும் தாளை உரித்துவிட்டுத்தான் தருகிறார்கள். ரொட்டி உறையையும் எடுத்துவிடுகிறார்கள். எண்களைப் படித்துவிட்டு மற்றவர்கள் பயப்படுவார்களாம். எனக்கு எண்கள் வேண்டாம். நேற்றைய தயிரும் இன்றைய தயிரும் ஒன்றுதானா என்று மட்டும் தெரிய வேண்டும். கேட்டால், "சாப்பிட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்ல?" என்கிறார் நர்ஸ். "தெரிஞ்சாத்தான் சாப்பிட முடியும்" என்றேன். எழுதி வைத்துக்கொண்டார். முப்பது நிமிஷத்தில் முடிக்காவிட்டால் பதிலுக்கு ஒரு சத்துப் பால் தருவார்கள். அதிலும் தாள் கிடையாது.

பதினொரு பாட்டில் கொய்யா ஜாம் வந்திருக்கிறது. எல்லாம் வேறு வேறு கை செய்தது. அன்பாகத்தான் அனுப்புகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

பார்வையாளர் நேரம் நான்கு முதல் ஆறு. நீங்கள் எந்தத் தேதியில் வருகிறீர்கள்? சீக்கிரம் என்று எழுதாதீர்கள். அது தேதி இல்லை.

நாய்க்கு என் விசாரிப்புகள்.

ஃப்ரேயா


நார்ஃபோக் தீவு
மார்ச் 29

அன்பு ஃப்ரேயாவுக்கு,

நலம், நலமே கோருகிறேன். முதுகு எப்போதும் போல. குளிர்கிறது என்று எழுதியிருந்தாய். உன் பச்சைக் கம்பளிச் சட்டையை அனுப்பியிருக்கிறேன். காலர் லேபிளை அம்மா முன்னமே வெட்டி எடுத்துவிட்டதுதான் அது, உறுத்தாது.

சாப்பாடு அனுப்புவதை நிறுத்தச் சொல்லத்தான் கடைக்குப் போனேன். வாயைத் திறப்பதற்குள் மெர்ல் பிடித்துக்கொண்டாள். "ஏன், என் ஜாமுக்கு என்ன குறை? ரெண்டு கரண்டி தின்னா நாளைக்கே எழுந்து ஓடுவா! நீ வளத்த லட்சணம் அப்படி, பட்டினியே சுகம்னு கெடக்குது பிள்ளை." பக்கத்தில் நின்ற நாலு பேரும் ஆமாம் போட்டார்கள். எப்படிச் சொல்வது? நிறுத்தச் சொல்லப் போனவன் கையில் இரண்டு தட்டோடு திரும்பினேன். எல்லாம் நம் வீட்டு அடுக்களையில் இருக்கிறது.

டாக்டர் மொராக் என்று ஒரு பெண் போன் செய்தாள். குரலைக் கேட்டால் உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். நீ சின்ன வயதில் எப்படி இருந்தாய், குடும்பத்தில் யாருக்காவது ஏதாவது உண்டா என்று ஒரு ஃபாரம் அனுப்பியிருந்தாள். இருபத்திரண்டு கேள்வி. படித்ததுமே எனக்கு விளங்கிவிட்டது, உன் தலையில் ஏதோ பெயரை ஒட்டப் பார்க்கிறார்கள். நான் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. அன்றைக்கே பூர்த்தி செய்து தபாலில் போட்டுவிட்டேன்.

தேதி கேட்டாய். கூரைக்குத் தகரம் கப்பலில் வர வேண்டும். கப்பல் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? வந்ததும் தேதி எழுதுகிறேன்.

டாக்டர்கள் சொல்கிறபடி கேள்.

அப்பா


பிரிஸ்பேன்
ஏப்ரல் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

சட்டை வந்தது. நன்றி. தினமும் அதையே போடுகிறேன். உங்கள் முதுகும் கூரையும் எப்படி இருக்கின்றன?

நீங்கள் பூர்த்தி செய்த ஃபாரத்தை டாக்டர் மொராக் எனக்குக் காட்டினார். இருபத்திரண்டு கேள்விக்கும் 'இல்லை' என்று போட்டிருக்கிறீர்கள்.

ஒன்பதாம் கேள்வி: ஒரு உணவு இன்னொரு உணவின் மேல் படக் கூடாது என்று பிள்ளை அடம்பிடித்ததுண்டா? இல்லை. அப்பா, வீட்டில் எனக்கு மூன்று தட்டு. கழுவுவது நீங்கள்தான். பதினான்காம் கேள்வி: சத்தம், துணி, வாசனை தாங்காமல் அழுததுண்டா? இல்லை. சட்டைக் காலரிலிருந்து லேபிளை அம்மா ஏன் வெட்டினார்? இருபத்திரண்டாம் கேள்வி: குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா? இல்லை.

நீங்கள் தினமும் பதினொன்று இருபதுக்குப் படகுத்துறையில் அதே கல்லின் மேல் உட்கார்ந்து, அதே டின் இறைச்சி வைத்த ரொட்டியை நாலாக வெட்டி, வலது மூலையிலிருந்து தின்பீர்கள். மழை பெய்தாலும் அங்கேதான். அதனால்தானே அந்தப் பெயர்?

நான் சண்டை போடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் மூன்று மாதம் கப்பல் வராதபோது என் ஓட்ஸ் பிஸ்கட் தீர்ந்துபோனது. சிவப்புப் பொட்டலம். நீங்கள் நீலப் பொட்டலம் வாங்கி வந்தீர்கள். அது வேறு பிஸ்கட். காலையில் சாப்பிடுவது நின்றது. பிறகு பசியும் நின்றது. பசி நின்றதும் சத்தமெல்லாம் குறைந்துவிட்டது. பள்ளிக்கூட மணி, சாப்பாட்டு அறை, மற்றப் பிள்ளைகள் எல்லாம் தூரமாகப் போனார்கள். பிறந்ததிலிருந்து அப்படி ஓர் அமைதி எனக்குக் கிடைத்ததில்லை. கடையில் எல்லோரும் "அடி, அழகாயிட்டியே!" என்றார்கள். அது எனக்கு வேண்டியிருக்கவில்லை. அமைதிதான் வேண்டியிருந்தது. கப்பல் வந்தது, சிவப்புப் பொட்டலமும் வந்தது. அதற்குள் இன்றைக்கு இவ்வளவுதான் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன். எல்லாம் மாறினாலும் அந்த விதி மாறவில்லை. இப்போது நான் விட்டாலும் அது என்னை விட மாட்டேன் என்கிறது.

இது வார்டில் மற்றவர்களுக்கு இருக்கும் சாப்பிடாத நோய்தான், ஆனால் அதற்கு அடியில் ஆட்டிசம் இருக்கலாம் என்பது டாக்டர் மொராக்கின் எண்ணம். இருந்தால் வைத்தியம் வேறு. தாளை உரிக்க மாட்டார்கள். தனி மேஜை தருவார்கள். எனக்குத் தெரிந்த உணவிலிருந்து தொடங்குவார்கள். ஆனால் வீட்டிலிருந்து ஒருவர் ஆமாம் சொல்ல வேண்டும். பெரிய டாக்டர் உங்கள் ஃபாரத்தைப் பார்த்து, "அப்பாவே இல்லைன்னு எழுதிட்டாரே" என்று கோப்பை மூடிவிட்டார். அம்மாவைக் கேட்டார்கள். பெர்த்திலிருந்து போன் செய்து, "லெஸ்டரையே கேளுங்க, எல்லாம் அவருக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அழுதாராம்.

நீங்கள் நேரில் வந்து டாக்டர் மொராக்கிடம் ஒரு மணி நேரம் பேசினால் போதும். வராவிட்டால் எழுதியாவது அனுப்புங்கள். மே பத்து வரைதான் பொறுப்பார்கள். அதன் பிறகு மூக்கு வழியாகக் குழாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரேயா


நார்ஃபோக் தீவு
மே 5

அன்பு ஃப்ரேயாவுக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது. பதில் போடத் தாமதமாகிவிட்டது, தப்பாக நினைக்காதே.

தகரம் வந்தது. அளவு தப்பு. திருப்பி அனுப்ப வேண்டும். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளை. நாய் உன் அறை வாசலிலேயே படுத்துக் கிடக்கிறது. நல்ல மழை.

நீ சொன்னதை யோசிக்கிறேன். நம் ஊரில் எல்லோரும் ஒவ்வொரு மாதிரிதானே? அதற்கெல்லாம் ஆஸ்பத்திரியில் பெயர் வைத்தால் தீவில் ஒருவன் மிஞ்ச மாட்டான்.

கொஞ்சம் முயற்சி செய்து பார், கண்ணு. அப்பாவுக்காக.

அப்பா


பிரிஸ்பேன்
மே 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா?

நேற்றுக் குழாய் வைத்தார்கள். பிளாஸ்டிக் வாசனை தொண்டையிலேயே இருக்கிறது. விழுங்கும்போதெல்லாம் உரசுகிறது. நான் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

முயற்சி செய்யச் சொன்னீர்கள். நான் செய்துகொண்டுதான் இருந்தேன்.

இனி நான் தேதி கேட்க மாட்டேன்.

ஃப்ரேயா


நார்ஃபோக் தீவு
மே 24

என் செல்லம் ஃப்ரேயாவுக்கு,

மெர்ல் அத்தை எழுதுகிறேன். கடிதம் எழுதி எத்தனையோ வருஷமாயிற்று, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. உன் உடம்பு தேறி வர வேண்டும் என்று தினமும் நினைக்காத வேளை இல்லை.

உன் கடைசிக் கடிதம் உங்கப்பன் சாப்பாட்டு மேஜையில் பிரித்தபடியே கிடந்தது. எடுத்துப் படித்துவிட்டேன். திட்டுவதானால் திட்டிக்கொள். அவன் பத்து நாளாகப் படகுக்குப் போகவில்லை. துறையில் அந்தக் கல் காலியாகக் கிடக்கிறது. "என்னடா ஆச்சு?" என்றால், "நானா அவளப் பிடிச்சு அமுக்கினேன் மெர்ல், நானா அமுக்கினேன்?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்கிறான். உங்கம்மா இவனை விட்டுப் பெர்த்துக்குப் போனபோதுகூட இவன் இப்படி இல்லை.

உனக்கு ஒன்று சொல்லப்போகிறேன். சொல்லக் கூடாதென்று முப்பது வருஷத்துக்கு முன்னால் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். போகட்டும் சத்தியம். பத்தொன்பது வயதில் உங்கப்பனை டீசல் மெக்கானிக் வேலை படிக்க பிரிஸ்பேனுக்கு அனுப்பினோம். இரண்டு வருஷப் படிப்பு. விடுதியில் எல்லோருக்கும் ஒரே கூடத்தில், ஒரே அண்டாவில் சாப்பாடு. பதினோராம் நாள் திரும்பி வந்துவிட்டான். விமானத்திலிருந்து இறங்கினவனை எனக்கே அடையாளம் தெரியவில்லை. பதினொரு நாளும் பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் இறங்கவில்லையாம். "வாய்கிட்ட கொண்டு போனா கதவு சாத்திக்கிச்சு மெர்ல்" என்று சொல்லி அழுதான். ஊருக்குக் காய்ச்சல் என்று சொல்லி வைத்தோம். அதற்குப் பிறகு அவன் இந்தத் தீவை விட்டு ஒரு அடி வைத்ததில்லை. உங்கம்மா ஒரே ஒரு தடவை சேர்ந்து எங்கேயாவது போகலாம் என்று கெஞ்சியபோதும் கூரையைத்தான் காட்டினான். அந்தக் கூரை எந்தக் காலத்திலும் ஒழுகினதில்லை, கண்ணு.

அவனை நாங்கள் நாலு துண்டு என்று கூப்பிட்டுச் சிரித்தோம். அவனும் சிரித்தான். ஒன்றும் இல்லாதது மாதிரி ஆகிவிட்டது. உன் விஷயத்திலும் ஜாமைத் தூக்கிக்கொண்டு ஓடினோமே தவிர, ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. எனக்கு ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

ஜாம் அனுப்புவதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். நான் சொன்னால் கேட்பார்கள்.

உன் மெர்ல் அத்தை


பிரிஸ்பேன்
ஜூன் 1

அன்புள்ள மெர்ல் அத்தைக்கு,

உங்களுக்கு நலம்தானே? எனக்கு நேற்றைவிட இன்று குளிர் குறைவு.

நான் திட்டவில்லை. குழாயோடு என்னைப் பார்க்க அப்பாவுக்கு வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குழாய் வைப்பதற்கு முன்னாலேயே அவர் வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் அப்படித்தான் நினைத்தேன். அது இல்லை என்று தெரிந்ததும் உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் பதினொரு நாளில் சாப்பாட்டுக் கூடத்தில் அப்பாவோடு யாராவது உட்கார்ந்தார்களா?

ஃப்ரேயா


பிரிஸ்பேன்
ஜூன் 10

அன்பு ஃப்ரேயாவுக்கு,

மேலே ஊரின் பெயரை நான் தப்பாக எழுதவில்லை. நான் பிரிஸ்பேனில்தான் இருக்கிறேன். வந்து நாலு நாள் ஆகிறது. உன் ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில் ஒரு லாட்ஜ். தபால்தலை ஒட்டாமல் இந்தக் கடிதத்தைக் கீழே வரவேற்பில் கொடுக்கப்போகிறேன். அதற்குள் நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்டுவிடுகிறேன். பதில் தெரிந்தும் கேட்கிறேன்.

உன் கேள்வியை மெர்ல் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். யாரும் உட்காரவில்லை, ஃப்ரேயா. முதல் இரண்டு நாள் மட்டும் ஒரு பையன் உட்கார்ந்தான். "என்ன தம்பி, அரண்மனைச் சாப்பாடு வேணுமா?" என்று கேட்டுவிட்டு மூன்றாம் நாள் எழுந்து வேறு மேஜைக்குப் போய்விட்டான். அதன் பிறகு எதிர் நாற்காலி காலியாகவே இருந்தது. இப்போதும் அந்த நாற்காலி என் கண்ணிலேயே நிற்கிறது.

அடுத்த விமானத்திலேயே ஏறிவிட்டேன். ஊரெல்லாம் வெள்ளை உடுத்தித் திருநாளுக்கு ஊர்வலம் போன அன்றைக்கு நான் இங்கே உன் ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நிறுத்தப் பெஞ்சில் இருந்தேன். தினமும் நாலு மணிக்கு வந்து உட்காருவேன். ஆறு மணிக்கு எழுந்து லாட்ஜுக்குப் போவேன். ஏழாம் மாடியில் எது உன் ஜன்னல் என்று தெரியாததால் எல்லா ஜன்னலையும் பார்த்தேன். லிப்ட் வரை ஒரு நாள் வந்தேன். கதவு திறந்ததும் திரும்பிப் பெஞ்சுக்கே வந்துவிட்டேன். மகள் குழாயோடு படுத்திருக்கிறாள், அப்பன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகிறான். இப்படி ஒரு அப்பனை நான் எங்கும் பார்த்ததில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் கப்பல் வராது என்று படகுக்காரர்களுக்கு முன்னாலேயே தெரியும். கடையில் இருந்த டின் இறைச்சியை எல்லாம் நான் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் அடுக்கிவைத்துக்கொண்டேன். நாற்பத்தெட்டு டின். கடையின் அதே அலமாரியில் மேல் தட்டில் உன் சிவப்புப் பொட்டலம் இருந்தது. கண்ணால் பார்த்தேன். வாங்கத் தோன்றவில்லை. என் டின் இல்லாவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று மட்டும் புத்தியில் ஏறவில்லை. உன்னைப் பார்த்தால் என்னைப் பார்த்தது போல இருக்கும். அதனாலேயே பார்க்காமல் இருந்தேன். மன்னித்துவிடு என்று எழுதச் சுலபமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

இதோடு அந்த ஃபாரம் இருக்கிறது. டாக்டர் மொராக்கைக் கேட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன். உனக்குப் பதினெட்டு ஆமாம். எனக்கும் தனியாக ஒன்று பூர்த்தி செய்தேன், யாரும் கேட்கவில்லை. எனக்கு இருபது. நாளைக் காலை பத்து மணிக்கு டாக்டரோடு உட்காரப்போகிறேன். பெரிய டாக்டரும் வருகிறாராம். இனி இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஊரிலிருந்து டின் கொண்டுவந்தேன். ரொட்டி இங்கேதான் வாங்க வேண்டியிருந்தது. தடிமன் வேறு. நாலு நாளாக டீதான். நீ எதிலிருந்து மீள வேண்டுமோ அதற்குள் நானே உட்கார்ந்துகொண்டு உனக்கு என்ன புத்தி சொல்வது? ஆனால் தனியாக முடியவில்லை, கண்ணு. உன் சாப்பாட்டு வேளையில் நான் வந்து உட்காரலாமா? நீ வேண்டாம் என்றால் நாலு மணிக்கே வருகிறேன். வராமல் மட்டும் போக மாட்டேன்.

அப்பா


பிரிஸ்பேன், ஏழாம் மாடி
ஜூன் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கு நலமில்லை என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. இதை நர்ஸ் கீழே கொண்டுவந்து தருவார்.

நீங்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போன பிறகு அவர் என்னிடம் வந்தார். "உனக்கு என்ன சாப்பிட முடியும்?" என்று கேட்டார். ஏன் சாப்பிடவில்லை என்றுதான் இத்தனை நாளும் கேட்டார்கள். இதை இதுவரை யாரும் கேட்கவில்லை. ஐந்து பொருள் எழுதிக் கொடுத்தேன். பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். குழாயை இப்போதே எடுக்க மாட்டார்கள். எடுக்கும் நாளை இனிமேல்தான் பேச வேண்டும். விதி இன்னும் என்னோடுதான் இருக்கிறது, அது போகும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

டின்னைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நேற்றிரவு முழுவதும் இருந்தது. இன்றும் கொஞ்சம் இருக்கிறது. கோபமும் நீங்கள் வர வேண்டும் என்பதும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. அப்படி இருக்கலாம் என்று டாக்டர் மொராக் சொன்னார்.

நாளைப் பகல் பன்னிரண்டு பத்துக்கு வாருங்கள். லிப்டில் இறங்கியதும் இடது பக்கம் பச்சைக் கதவு, அதற்கு அடுத்த அறை. சுவரை ஒட்டி ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. மற்றவர்கள் வேறு அறையில் சாப்பிடுவார்கள், அதனால் சத்தம் இருக்காது. சமையலறையிலிருந்து ஒரு வாசனையும் வராத நாள் வெள்ளிக்கிழமை. நாளை வெள்ளி. ரொட்டி வேண்டாம், டின் இறைச்சியை மட்டும் கொண்டுவாருங்கள். கத்தி தர மாட்டார்கள், அதனால் வீட்டில் போலவே நாலாக வெட்டிக் கொண்டுவர வேண்டும்.

நீங்கள் என்னைப் பார்க்க வேண்டாம். நானும் உங்களைப் பார்க்க மாட்டேன். ஒன்றும் பேசவும் வேண்டாம்.

முப்பது நிமிஷத்தில் முடிக்காவிட்டால் உங்களுக்கும் அந்தப் பால் தருவார்களா என்று நர்ஸைக் கேட்டேன். பார்வையாளர்களுக்குத் தர மாட்டார்களாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமாம். என் முப்பது நிமிஷம் முடிந்தது என்று யாராவது கூப்பிடுவார்கள். நீங்கள் முடிக்கும்வரை நான் எழுந்து போக மாட்டேன்.

உங்கள் மகள்
ஃப்ரேயா